பெரும்பாக்கத்தில் முதுமையை அளப்பது எப்படி?

(முதன்முறை களம் இறங்கும் ஆய்வாளர்களுக்கான கையேடு)

1. இடம்: செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வயதானது தமிழ், பேட்டி தராது. நீங்கள் போக வேண்டியது, கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களைக் குடிவைத்த எட்டடுக்குக் குடியிருப்புக்கு. லிஃப்ட் ஓடுகிறதா என்று கீழேயே விசாரியுங்கள். ஓடாவிட்டால் தரைத்தளத்து முதியவர்களே போதும். மேல்மாடிக்காரர்கள் விடுபட்டதை 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.

2. நினைவாற்றல்: இந்திய முதுமை நெடுங்கால ஆய்வான 'லாசி', 2017-18இல் 72,000 பேருக்கு மேற்பட்டவர்களைச் சந்தித்தது. கைப்பிடி வலிமையை அளந்தது. பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டது. நீங்களும் கேளுங்கள். ஆயாவுக்கு நான்குதான் வந்தால் நான்கு என்று போடுங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் யார் யார் எவ்வளவு மீன் பாக்கி வைத்தார்கள் என்று அடுத்த அரைமணி நேரம் பைசா சுத்தமாக ஒப்பிப்பார். அதற்குக் கட்டம் கிடையாது.

3. உடல்: அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்ட பட்டியலில் ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலஜலம் அடக்குவது, சாப்பிடுவது. ஆறாம் மாடித் தாத்தா ஆறையும் தானே செய்கிறார், முழு மதிப்பெண். கடைசியாக எப்போது தெருவில் இறங்கினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மதிப்பெண் அழகு கெடும்.

4. விழுமியங்கள்: ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் மனித விழுமியங்களைப் பத்தாக வகுத்தார். அவர் வழிவந்த வினாத்தாளில் முகம் தெரியாத ஒருவரை வர்ணித்து, 'இவர் உங்களைப்போலவா?' என்று கேட்பார்கள். "யாரு கண்ணு அது, நம்ம பிளாக்கா?" என்பார் ஆயா. பதற வேண்டாம்.

'சாகச நாட்டம்' கேள்விக்கு "அதெல்லாம் இந்த வயசுலயா?" என்று சிரிப்பார்; மிகக் குறைவு என்று குறியுங்கள். இருட்டோடு முதல் பஸ் பிடித்துப் பழைய பேட்டைக்குப் போய், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டியபின் திரும்புவது அதில் சேராது. 'சுயமுடிவு' பற்றிக் கேட்கும்போது, இங்கே வருவதை யார் முடிவு செய்தார்கள் என்ற பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஒப்புதல்: கையெழுத்துப் போடுமுன், "இத எழுதிக் குடுத்தா பென்ஷன் வருமா?" என்பார். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்கு ஏன் வரவில்லை என்பது உங்கள் தலைப்பு அல்ல. 'நேரடிப் பயன் ஏதுமில்லை' என்ற வரியைத் தெளிவாக வாசியுங்கள். அப்போதும் அவர் உங்களுக்கு டீ வாங்கிவரச் சொல்வார். குடித்துவிடுங்கள், பிறர்நலம் என்ற விழுமியத்தை அளக்க மறந்திருப்பீர்கள்.

6. மறுசந்திப்பு: நெடுங்கால ஆய்வு என்றால் அதே ஆளைச் சில ஆண்டு கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். முன்பு கூவம் கரையோரச் சத்தியவாணிமுத்து நகரில் நீங்கள் பேட்டி கண்டவரைத் தேடிப் போனால் அங்கே வீடே இராது. 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று குறிப்பது மரபு. அதற்குமுன் ஒரு யோசனை: வீட்டை இடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயர், பிளாக், கதவு எண் எல்லாம் ஒதுக்கீட்டு ஆணையில் பிழையில்லாமல் இருக்கும்.