தொட்டிக்குள் கிடார்

கேள்வி: பாடகரே இல்லாத ராக் ஆல்பத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

பதில்: வாங்கினார்களே! 1950களின் கடைசியில் வந்த கிடார் கலைஞர் டுவேன் எடியின் முதல் ஆல்பத்தில் கிடார்தான் பாடகர். எல்லோரும் உச்சஸ்தாயியில் வித்தை காட்ட, இவர் தடித்த மந்தரத் தந்திகளில் நிதானமாக மெட்டை வாசித்தார். அவர் பதிவுசெய்த அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர ஸ்டூடியோவில் அப்போது எதிரொலி அறை இல்லை. அதனால் தயாரிப்பாளர் லீ ஹேசல்வுட் 2,000 காலன் தண்ணீர்த் தொட்டியை வாங்கி வந்து வெளியே போட்டார். உள்ளே ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். கிடார் ஒலி உருண்டு புரண்டு, கம்பீரமாகத் திரும்பி வந்தது. தொட்டிமேல் உட்கார்ந்து கத்தும் பறவைகளை முதலில் விரட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஆல்பத்தின் 'ரெபெல் ரவுசர்' மெட்டுக்குக் கைதட்டவும் கூவவும் மட்டும் ஆள் வைத்தார்கள். பறவைகள் இலவசமாகவே கூவியிருக்கும்!