எதிர்ப்பில் எனக்கு எத்தனை பங்கு?

எங்கள் ஊர் வழியாகச் சாலையை நீட்டப் போகிறார்கள், அதை ஒட்டி மனைப்பிரிவும் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் எதிர்ப்புக் குழு அமைத்தோம். பேச்சுக்கு ஆதாரம், கண்மாய்க்கரையில் யாரோ நட்ட நாலு கல்லும், எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறியும். மனை விற்பவர் எங்களைவிடச் சுறுசுறுப்பு. வருமா வராதா என்றே தெரியாத சாலைக்கு, ‘சாலையிலிருந்து இரண்டே நிமிடம்’ என்று தட்டி வைத்துவிட்டார். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆகி, கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் போனதிலிருந்து, இந்தப் பக்கப் பொட்டலில் ஆடு மேய்ந்தாலும் ‘மாநகராட்சிக்கு மிக அருகில்’தான் மேய்கிறது.

கூட்டம் எங்கள் வீட்டு முகப்பில். உள்ளே வளவில் வைத்திருக்கலாம். நடுக்கதவுச் சாவி பினாங்கில் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான மகனுக்கு ஒன்று, அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. தலைமுறை தலைமுறையாகப் பங்கு வகுந்து, இப்போது என் பேருக்கு ஒரு தூணும் அதன் நிழலும் தேறும்.

முதலில் பேசிய அண்ணன் பாரம்பரியத்தைப் பிடித்துக்கொண்டார். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, பர்மாத் தேக்கில் கைவைக்க எவனுக்குத் துணிச்சல் என்றார். அவர் பங்குக்கு வந்த தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். வாயில் தேன்குழல் இருந்ததால் யாரும் சொல்லவில்லை.

“அம்புக்குறி பின்கட்டுலதானே இருக்கு? போறது உங்க அடுப்படி. முகப்புக்காரன் நான் ஏன் கத்தணும்?” என்றார் இன்னொரு பங்காளி.

மூலையில் சீடை டப்பாவோடு உட்கார்ந்திருந்த ஆச்சிதான் கேட்டார்: “ஏம்ப்பா, ரோட்டை மேடாப் போட்டா ஊரணிக்குத் தண்ணி எந்தப் பக்கமா வரும்?”

யாரிடமும் பதில் இல்லை. வானம் பார்த்த பூமி இது. கூரையில் விழுந்த மழை வளவுக்கு, வளவிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊரணிக்கு என்று வாட்டம் பார்த்து ஊரைக் கட்டியவர்கள் கப்பல் ஏறிச் சம்பாதித்து வந்தவர்கள். கப்பல் ஏறியும் வாட்டம் மறக்கவில்லை. மனைப்பிரிவு வரைபடத்திலோ வரத்துக்கால், ‘30 அடிச் சாலை’யாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. இந்த எதிர்ப்பில் உருப்படியான காரணம் ஆச்சி சொன்ன இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

வக்கீல் தம்பி சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை எடுத்தார். 277 கிலோமீட்டர். 2018-ல் கல் நட வந்தவர்களை விவசாயிகள் மறித்தார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, கைதட்டினோம். 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது; தட்டிய கையைக் கட்டிக்கொண்டோம். நமக்கும் தேசிய நெடுஞ்சாலை என்று வந்தால், அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“எதுக்கு? ஒழுகுற ஓட்டை மாத்தவே இத்தனை பங்காளிகிட்டக் கையெழுத்து வாங்க முடியலை. அரசாங்கம் மட்டும் வாங்கிருமா?” என்றேன்.

“கையெழுத்தே வேண்டாம்ண்ணே. 1956-ஆம் வருஷச் சட்டம். முறைப்படி அறிவிச்சா நிலம் அவங்களுக்கு. இழப்பீட்டுல யாருக்கு எவ்வளவுன்னு நீங்க சண்டை போட்டா, அது சிவில் கோர்ட்டுக்குப் போகும்.”

“பணம்?”

“கோர்ட்டு பிரிச்சுக் கொடுக்கிற வரைக்கும் யார் கைக்கும் வராது.”

முகப்பில் சத்தமே இல்லை. தனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பங்காளிக்கு வந்துவிடக் கூடாது என்றிருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதலாகக்கூடத் தெரிந்தார்கள். ஆனால் எல்லோருமே தனக்கு வரும் என்றுதான் ரகசியமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

“அப்ப ரோடே வேண்டாம்!” என்றார் முகப்புக்காரர். பினாங்குக்காரர் ஸ்பீக்கர் போனில் ஆமோதித்தார். வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு வகையறாக்கள் ஒரே ஜமுக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்தன. எதிர்ப்பு அன்றைக்குத்தான் சூடு பிடித்தது.

மனு தயார். ஆச்சியின் ஊரணியும் வரத்துக்காலும் முதல் பத்தியில், யுனெஸ்கோ இரண்டாவதில். முதல் கையெழுத்து மேலவீட்டார் போடுவதா கீழவீட்டார் போடுவதா என்பதில் மட்டும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.