கொயினாக் கணக்கு

மருந்து கண்டுபிடிப்பது பெரிய மூளைக்காரர் வேலை என்று வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன். மலேரியா மருந்தான கொயினாவின் கதையைப் படித்த பிறகு பயம் தெளிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோலில் விழும் பிழையெல்லாம் அதிலும் இருக்கிறது.

முதல் பிழை பெயரிலேயே. பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி சிஞ்சோன் சீமாட்டி, மரப்பட்டை மருந்து குடித்துக் காய்ச்சல் தெளிந்தாள் என்று ஒரு கதை. அதை நம்பித் தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அவள் பெயரை வைத்தார். வைத்தவர் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். மரம் சிங்கோனா ஆயிற்று. பிற்காலத்தில் அந்த அரண்மனை நாட்குறிப்பைக் கிளறினால், அம்மணியின் வைத்தியத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

1820இல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். கதையில் ஒழுங்காக நடந்த காரியம் இது ஒன்றுதான். ஆகவே பேச ஒன்றுமில்லை.

1856இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற இரசாயன மாணவனுக்கு 18 வயது. ஈஸ்டர் லீவு. வாத்தியார் ஊரில் இல்லை. பையன் வீட்டிலேயே கொயினா காய்ச்ச உட்கார்ந்தான். கார்பன் இத்தனை, ஹைட்ரஜன் இத்தனை என்று எண்ணி, அல்லைல் டொலுயிடீனை இரண்டு பங்கு எடுத்து, ஒட்சிசனைக் கூட்டித் தண்ணீரைக் கழித்தால் கொயினா வரவேண்டும். தாளில் கணக்குச் சரி. கல்லையும் தகரத்தையும் எண்ணி லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டால் லயத்து வீடு தானாக எழும்பிவிடும் என்பது மாதிரி. உள்ளே எது எதோடு கோத்திருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. வந்தது செம்மண் நிறத்தில் ஒரு சேறு. விடாமல் அனிலினில் முயன்றான், கறுப்புச் சேறு. அதைச் சாராயத்தில் கழுவியபோது ஊதா நிறம் இறங்கியது. சாயக் கம்பனி போட்டுப் பணக்காரன் ஆனான். சீமாட்டிமாரின் பட்டு ஊதாவானது; மலேரியா அப்படியே இருந்தது. கொயினாவைச் செயற்கையாகக் கட்டும் வழியை வுட்வேர்டும் டோரிங்கும் சொன்னது 1944இல்.

இனி நம்ம இலங்கைத் தோட்டத் துரைமார். 1861இல் ஹக்கலையில் அரசாங்கம் சிங்கோனாத் தோட்டம் போட்டபோது அவர்களுக்குக் கோப்பி மயக்கம். 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சணத்துக்குத் துரைமார் செல்லமாக வைத்த பெயர் 'எமிலி'. எமிலி கோப்பியைத் தின்று தீர்த்ததும் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். கூத்து என்னவென்றால், மரம் வளரும் குளிரில் மலேரியா நுளம்புக்கு வேலையில்லை. மலையகத்து றொசல்லயில் மூடுபனி இறங்கினால் ஸ்டேசனே தெரியாது. நுளம்புக்கு எங்கே வழி தெரியப்போகிறது! காய்ச்சல் கண்டது, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்துவந்த எங்கள் ஆட்களுக்கு. பட்டை போனது லண்டனுக்கு.

பட்டைக்கும் வசதியாக 1884இல் அட்டனுக்கு ரயில் வந்தது. 1886 அளவில் பட்டை ஏற்றுமதி ஒன்றரைக் கோடி இறாத்தல். ஒரு துரைக்குத் தோன்றியது எல்லாத் துரைக்கும் தோன்றியிருந்ததால் விலை குப்புற விழுந்தது. போதாததற்கு ஜாவா. பொலிவியாவில் மனுவேல் மமானி பொறுக்கிக் கொடுத்த சிங்கோனா விதையை லெட்ஜர் என்ற வியாபாரி 1865இல் லண்டனிடம் நீட்டினார். வேண்டாம் என்றார்கள். ஒல்லாந்தர் ஓர் இறாத்தலைச் சில்லறைக் காசுக்கு வாங்கி ஜாவாவில் நட்டார்கள். அந்தப் பட்டையில் பத்து வீதத்துக்கு மேலும் கொயினா இருப்பதாக இரசாயனக்காரர்கள் அளந்து சொன்னார்கள். எங்கள் சிவப்புப் பட்டையில் அதில் கால்வாசிகூட இல்லை. மமானி மறுபடி விதை தேடப் போய்ப் பிடிபட்டு, அடிபட்டு 1871இல் செத்தார். துரைமார் சிங்கோனாவைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள்.

1934இல் கேகாலை, குருநாகல் பக்கம் மலேரியா மூண்டது. சில மாதங்களில் நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் போனார்கள். ஜாவாவிலிருந்து வாங்கும் கொயினாவுக்குக் கையேந்தி நின்றோம். அதே வருடம் ஜெர்மனியில் பாயர் கம்பனியின் ஹான்ஸ் அண்டர்சாக் புது மருந்து ஒன்றைக் கட்டிக் காட்டினார். ரெசோசின் என்று பெயர். 'நஞ்சு அதிகம்' என்று மேலிடம் அதை அலமாரியில் ஏற்றிவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜாவா ஜப்பான் கைக்குப் போய்க் கொயினா முடைப்பட்ட பிறகு அமெரிக்கர் அதே சரக்கைத் தூசி தட்டி எடுத்துக் குளோரோகுயின் என்றார்கள். அதில் மரப்பட்டை ஒரு துளியும் இல்லை. பெயரில் 'குயின்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை எழுத்து எதுவும் விழவில்லை.