முருங்கைக்குப் பேர் வாங்கித் தந்தவர்

விதை போட்டால் ஆறே மாதத்தில் காய்ப்பு, காய் ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மேல். பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை அது. போத்து வெட்டி நட்டுத்தான் வளர்க்கணும் என்ற நிலை அதோடு போச்சு. ஆப்பிரிக்காவரை விதை போயிருக்கிறது.

உள்ளூரில்? முருங்கைக்காய் என்றதும் பாக்யராஜைத்தான் நினைத்துச் சிரிக்கிறார்கள். அவரது முருங்கைக்காய் காமெடி இருக்கும் 'முந்தானை முடிச்சு' படம் 1983-லேயே வந்துவிட்டது. விஞ்ஞானிகள் ஆறு வருடம் லேட்!

வரத்து கூடினால் ஆண்டிபட்டிப் பக்கம் பறிகூலிகூடத் தேறாது. அதே மரத்து இலை பொடியாகி, 'மொரிங்கா' கேப்ஸ்யூலாகி வந்தால் மட்டும் பேரம் பேசாமல் பில் போடுகிறோம்.

பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களே, திரும்பும்போது அந்த ஆராய்ச்சி நிலையத்திலும் கொஞ்சம் விதை விசாரியுங்கள்.