அரைக் குளிசை அங்கிள்

மருதானையில் பார்மசி வாசல்களில் பின்னேரம் போய் நின்று பாருங்கள். பெரியாஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிற சனம் ஒரு பக்கம். அவர்களுக்கு நடுவே, துண்டும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், இஸ்திரி போட்ட சேட்டோடு ஒருவர் நிற்பார். அவர்தான் அரைக் குளிசை அங்கிள்.

வெள்ளவத்தையிலும் இவர் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. ஆனால் மருதானைக்காரருக்கு ஒரு மேலதிகத் தகுதி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் கணக்கெழுதியே தலை நரைத்தவர். “தம்பி, டொயோட்டாவுக்குச் செஞ்ச சாமான நிசானுக்குப் பூட்டி ஓடின வண்டி எத்தனை பாத்திருக்கேன். சீனி வருத்தத்துக்குச் செஞ்ச குளிசை வயசுக்குக் கேக்காதா?” என்பார். அவருடைய மருத்துவப் படிப்பு முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

“மெட்ஃபோமின் ரெண்டு காட் தாங்க தம்பி.”

“துண்டு இல்லாம தரேலா அங்கிள். சீனி எவ்வளவு ஒங்களுக்கு?”

“சீனி ஒண்ணும் இல்ல.”

“பொறகு?”

“இது நூறு வரைக்கும் போறதுக்கு.”

பார்மசிக்காரப் பையன் அடுத்த ஆளின் துண்டை வாங்கிவிடுவான். அங்கிள் மனம் தளர்வதில்லை. வீட்டில் மாமிக்கு உண்மையாகவே சீனி வருத்தம். மாசாமாசம் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மாமி வரிசையில் நின்று வாங்கி வரும் குளிசையில், மாசக் கடைசியில் எப்படியும் நாலைந்து குறையும். மாமி எலியைச் சந்தேகித்தது கொஞ்ச நாள்தான்.

உடைக்கிற வேலை விடியற்காலையில் நடக்கும். பழைய பேப்பரை விரித்து, புது பிளேடை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூச்சை அடக்கி ஒரே அழுத்து. பாதி பேப்பரில் நிற்கும். மறுபாதி பிரிட்ஜுக்கு அடியில் பாயும். மெட்ஃபோமினுக்கு ஒரு மீன் வாடை உண்டு, உடைத்தால் கூடுதலாக வரும். வெள்ளிக்கிழமை விரதத்தோடு கப்பித்தாவத்தைக் கோயிலுக்குப் புறப்பட்ட மாமி, குசினியில் கருவாடு நாறுகிறதென்று சண்டைக்கு வந்தபோதுதான் எலியின் பெயர் நீங்கியது. மெட்ஃபோமினில் சில குளிசை வயிற்றில் மெல்ல மெல்லக் கரைவதற்கென்றே செய்தவை, உடைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். அங்கிள் பெட்டியில் விலையை மட்டும்தான் வாசிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் சொல்வதில் பாதி உண்மை. எப்போதும் பாதிதான். மெட்ஃபோமின் முதுமையைத் தள்ளிப்போடுமா என்று பார்க்க, சீனி வருத்தமில்லாத 3,000 முதியவர்களை வைத்து ஆராய அமெரிக்காவில் நிர் பர்சிலாய் என்ற மருத்துவர் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். குளிசை மலிவு, லாபம் பார்க்க முடியாது என்பதால் பணம் போட ஆளில்லாமல் அது வருடக்கணக்காக இழுபடுகிறது. இதற்கிடையில் 2019இல் வந்த ஓர் ஆய்வில், 65 வயது தாண்டியவர்கள் பாரம் தூக்கிப் பயிற்சி செய்தபோது மெட்ஃபோமின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. கெம்பல் பார்க்கில் கையை வீசி வீசி நடக்கிற அங்கிளிடம் இதைச் சொன்னேன். “அது வெள்ளைக்காரன்ட தசை” என்றார்.

அஸ்பிரின் தனிக் கதை. 2018இல் முடிவு வெளியான ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வில் 19,114 முதியவர்கள். ஒரு பகுதியினர் தினம் 100 மில்லிகிராம் எடுத்தார்கள். ஆரோக்கியமான ஆயுள் கூடவில்லை, இரத்தக்கசிவு கூடியது. டெங்கு ஓயாத கொழும்பில், காய்ச்சலென்றால் அஸ்பிரின் பக்கமே போகாதே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கிளுக்கும் தெரியும். அதனால்தான் கால்வாசி மட்டும் போடுகிறாராம்.

அவருடைய உண்மையான காதல் வேறிடத்தில். பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவு. அந்த ஊர்க்காரர் வாயில் ராப்பா நூயி. 1964இல் அங்கே போன ஒரு குழு அள்ளி வந்த மண்ணிலிருந்த கிருமியில், மொன்ரியால் ஆய்வுகூடத்தில் சுரேந்திரநாத் சேகல் என்ற நம்ம பக்கத்து மனுசர் கண்டெடுத்த மருந்து ராபமைசின். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அமெரிக்காவில் 1999இல் அனுமதி கிடைத்தது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் கிழட்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 600 நாள் வயதான எலி, மனிதக் கணக்கில் அறுபது. பெண் எலிக்கு ஆயுள் 14 சதவீதம் கூடியது, ஆண் எலிக்கு 9.

அன்று முதல் அங்கிள் ஸ்கார்பரோவில் இருக்கிற மகனை விடவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமர்த்துகிற மருந்து அப்பா, வாயெல்லாம் புண் வரும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். கடைசியில் பார்சல் வந்தது. திறந்தால் மீனெண்ணெய்க் குளிசை, இரண்டு போத்தல். அங்கிள் மூன்று நாள் மகனோடு பேசவில்லை. நாலாம் நாள் அதையும் பாதியாக வெட்டப் பார்த்து, மேசை விரிப்பு நாசமானது.

“பொம்பள எலிக்குத்தானே கூட,” என்றார் மாமி. “எனக்கு வாங்கிக் குடுங்களேன்.” அங்கிளுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். அங்கிளுக்கு பிரெஷர் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கிற குளிசையை நினைத்த நாளில்தான் போடுவார். முழுசாகப் போட்டால் உடம்பு பழகிவிடுமாம். அதையும் பிளேடு வைத்துப் பாதி. வருத்தமில்லாததற்கு மருந்து தேடி ஈஸ்டர் தீவு வரை போகிற மனுசன், இருக்கிற வருத்தத்தைப் பட்டினி போடுகிறார்.

போன கிழமை சுகததாச உள்ளரங்கப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் வசமாக மாட்டினார். சொன்னேன்: அங்கிள், குறைந்த அளவு மருந்துதானே உங்களுக்குப் பிடிக்கும்? டெல்மிசாட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோதலிடோன் 12.5 மில்லிகிராம். மூன்று பிரெஷர் மருந்தும் வழக்கத்தில் பாதி பாதி, ஒரே குளிசைக்குள். களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் ஆஸ்திரேலியக்காரரும் சேர்ந்து நம்ம நாட்டு ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரில் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை போட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு பிரெஷர் கட்டுக்குள், வழக்கமான சிகிச்சையில் 55. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பிளேடே தேவையில்லை, அவர்களே பாதியாக்கித் தருகிறார்கள். டொக்டரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

அங்கிள் வட்டிலப்பக் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“எலிக்கு எத்தனை சதவீதம் தம்பி?”

“எலி இல்ல அங்கிள். முழுக்க மனுசர்தான். இலங்கைச் சனம்.”

வெளிச்சம் போய்விட்டது. கரண்டியை மறுபடி எடுத்தார்.

“அப்ப எலிக்கு இன்னும் குடுத்துப் பாக்கல்ல,” என்றார். “கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்.”