பச்சைத் தோலில் தைத்த செருப்பு

பச்சைத் தோலை உப்புப் போகக் கழுவி, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, சதை சீவிப் பதத்துக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும் என்பார் பாகாயத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மேஸ்திரி. அவசரப்பட்டால் நாறிவிடுமாம்.

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத் திருத்த மசோதாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2024 பிப்ரவரி 5 அன்று மாநிலங்களவைக்கு வந்தது. மறுநாளே அங்கே தேறியது. 8ஆம் தேதி மக்களவையிலும் தேறியது. மசோதாக்களை அலசும் நாடாளுமன்ற நிலைக்குழு வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பல மீறல்களுக்குச் சிறை போய் அபராதம் வந்தது: 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை. (இமாச்சலும் ராஜஸ்தானும் கேட்டு வாங்கிய சட்டம், மற்ற மாநிலங்களும் தீர்மானம் போட்டுச் சேரலாம்.) குழு கூப்பிட்டிருந்தால் பாலாற்றங்கரைக்காரர்கள் தோல் ஆலைக் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலோடு ரயில் ஏறியிருப்பார்கள்.

17ஆவது மக்களவையில் குழுவுக்குப் போனவை நூற்றுக்கு 16 மசோதாக்கள். மீதி 84ஐப் பற்றி மேஸ்திரியிடம் கேட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.