அயலகத் தமிழரின் சட்டிக் கொள்முதல்: ஆம்பூர் – வேலூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்றொரு பழைய துறைமுகம். அங்கே அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பானை ஓட்டில், தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று பொறித்திருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். உறியில் தொங்கவிட்ட பானை என்று அறிஞர்கள் பொருள் கொண்டார்கள். இவ்வாய்வாளர் அதில் காண்பது, வெளிநாட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்த ஒருவனின் பயத்தை. பக்கத்து அறைக்காரன் எடுத்துவிடுவான் என்று நாம் இன்று குளிர்பெட்டியில் தயிர் டப்பாமேல் பெயர் ஒட்டுகிறோம் அல்லவா, அதன் மூத்த வடிவம் இது. ஆக, அயலகத் தமிழருக்கும் மண்பாண்டத்துக்கும் உள்ள உறவுக்குச் சான்று உண்டு என்று கொண்டு மேலே செல்வோம்.

ஆய்வுக் களம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஷூவாகி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற ஊர்கள். ஷூ போன வழியே ஆட்களும் போகிறார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வருகிறவர் கேட்பது மண்சட்டி. இங்கேதான் சிக்கல். ஆம்பூரின் பெருமை பிரியாணி. பிரியாணியின் பாத்திரம் தேக்சா. நியாயப்படி அவர் தேக்சாவுக்கு அல்லவா ஏங்க வேண்டும்? தேக்சாவை விமானத்தில் ஏற்ற முடியாது என்பது ஒரு விளக்கம். மலிவான விளக்கம். ஊரில் இருந்தவரை அவர் குக்கர் சோறும் இண்டாலியம் சட்டிக் குழம்பும்தான் சாப்பிட்டார் என்பதையும் கணக்கில் எடுத்தால், விதி தானாகத் துலங்கும்: மண்சட்டி மீதான பாசம் அடுப்பிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும்.

சுட்ட மண்ணுக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. காட்பாடி அருகே கரிகிரி, மெருகிட்ட மண்பாண்டத்துக்குப் பேர்போனது. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி பாரிவேர் என்ற பெயரில் கழிப்பறைப் பீங்கான் செய்தது. அந்தப் பாரிவேர் 2008 முதல் முழுக்க ஸ்பெயின் நாட்டு ரோக்கா நிறுவனத்தின் வசம். இவ்வட்டாரத்துச் சுடுமண்ணில் நாட்டு மக்கள் மிக அதிகம் அறிந்தது அதுவே. நாகரிகம் கருதி இப்பகுதியை விரிக்கவில்லை.

இனி, கொள்முதல். நெடுஞ்சாலையோரம் சட்டி பரப்பியிருக்கும் ஆயாவிடம் வண்டியை நிறுத்துகிறார் நம்மவர். விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்றால் வெந்தது, சொத்தென்றால் விரிசல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாச் சட்டியையும் தட்டி, முதலில் தட்டியதையே எடுக்கிறார்.

"இன்னா நைனா, கேஸுக்கா வெறகுக்கா?"

"கரண்டு அடுப்புக்கு, ஆயா."

ஆயா அவர் முகத்தையும் சட்டியின் அடியையும் மாறிமாறிப் பார்க்கிறார். அவர் பார்வை ஆய்வுத் தகுதி உடையது. சக்கரத்தில் வனைந்து இறக்கும்போது சட்டிக்கு அடி கிடையாது. பிறகு உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுகிறார்கள். விறகடுப்பின் மூன்று குமிழ்மேல் உட்கார உருண்டை அடிதான் வசதி. கண்ணாடி அடுப்பில் அது பம்பரம். இதற்காகவே தட்டை அடிச் சட்டியும் இப்போது வருகிறது. ஆனால் தட்டையாக இருந்தாலும் இண்டக்‌ஷன் அடுப்பு மண்ணைக் கண்டுகொள்ளாது. அதற்கு இரும்பு வேண்டும்.

ஜெர்மனியிலேயே மண்பாத்திரம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1967இல் சந்தைக்கு வந்த ரோமர்டாப்ஃப் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். தண்ணீரில் ஊறவைத்து, மூடி, ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். நெருப்புமேல் நேரே வைத்தால் விரிந்துவிடும். தாளிக்க வழியில்லாத பாத்திரத்தை நம்மவர் பாத்திரம் என்று ஒப்புவதில்லை. இதில் இவ்வாய்வாளர் நடுநிலை வகிக்க மறுக்கிறார்.

பிறகு பொதிதல். ஆம்பூருக்கே உரிய முறை, ஷூ பெட்டி. ஏற்றுமதி ஷூவுக்கு மெல்லிய தாளும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் உண்டு. சட்டிக்கு அம்மாவின் பழைய புடவை. சட்டிக்குள் வெற்றிடம் விடுவது குற்றம் என்பதால் மிளகாய்த்தூள், வடகம், கருவாடு என்று திணிக்கிறார்கள். 23 கிலோவைத் தாண்டியதும் சட்டைகள் வெளியேறும். சட்டி வெளியேறியதாகப் பதிவு இல்லை. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்கச் சொல்லி அம்மா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். பழக்காமல் ஏற்றுகிறவர்களும், சூட்டோடு குளிர்ந்த குழாயடியில் பிடிக்கிறவர்களும் அடுத்த விடுமுறைக்கே ஆயாவிடம் திரும்புகிறார்கள்.

மூடியை எல்லோரும் ஊரிலேயே மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனி ஆய்வும் நிதியும் தேவைப்படும். களப்பணிக்கு ஒரு ஜெர்மனிப் பயணமும்.